ஆண்பால் ஈறு

ஜாக்ரெப்
3 அக்டோபர் 1978

மதிப்பிற்குரிய திரு. பார்த்தோல் வுகாஸ் அவர்களுக்கு,

அருங்காட்சியகத்தின் சார்பில் இதை எழுதுகிறேன். வெலெபித் மலைக் குகைகளில் இருக்கும் துள்ளுவால் பூச்சிகள் அத்தனையையும் மறுபடி பார்த்து, எது தனி இனம், எது இல்லை என்று வகைப்படுத்திப் புத்தகமாக எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. மற்றவர்கள் பெயரிட்ட இனங்களின் மூல மாதிரிகள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. எதற்கும் பதில் போடாத வியன்னாக்காரர்கள்கூட அனுப்பிவிட்டார்கள். உங்களிடம் இருக்கும் ஒன்றுதான் பாக்கி. கோலுபிங்கா குகையில் எடுத்து, 1967இல் சூடோசினெல்லா வுகாஸி என்று நீங்கள் பெயரிட்டு வெளியிட்ட பூச்சியை வைத்து மூடிய கண்ணாடி ஸ்லைடு. பிரான்சுக்குப் போகும்போது மற்றப் பெட்டிகளோடு அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். இரவலாக அனுப்பினால் போதும். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இரண்டாவது, பெயரின் ஈறு. உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கோப்பில் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஒருவரின் குடும்பப் பெயரைப் பூச்சிக்கு வைத்தால், லத்தீனில் ஆணுக்கு இகரத்தில் முடிய வேண்டும், பெண்ணுக்கு ஏகாரத்தில். வுகாஸி என்றால் வுகாஸ் என்ற ஆணின் பூச்சி. வுகாஸே என்றால் வுகாஸ் என்ற பெண்ணின் பூச்சி. அதைக் குகையில் பிடித்தவள் நான். எல்லாக் குகையிலும் இருக்கும் சாதாரண பாலிடா இனம் இல்லை, வேறு ஏதோ என்று முதலில் சொன்னவள் நான். படம் வரைந்தவளும் நான். அப்போது என் பெயர் நெவெங்கா வுகாஸ்.

பத்திரிகை வந்த அன்று, ஈறு மாறியது அச்சுப் பிழை என்று சொன்னீர்கள். அதையே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், நான் விதிப்படி வுகாஸே என்று திருத்திவிடலாம். பெயர் வைத்தவர் சொன்னால்தான் செல்லும். குளிர்காலத்துக்கு முன் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
நெவெங்கா மிகுலிச்


பிரெனீஸ் மலையடிவாரம்
21 அக்டோபர் 1978

நெவெங்கா,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். அத்தனை வருஷம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவர்களுக்கு இது கொஞ்சம் அதிகம். கோப்புக்காக என்றால் சரி, உன் கோப்பு சந்தோஷமாக இருக்கட்டும். நான் "நீ" என்றே எழுதுகிறேன்.

உன் கடிதத்தை வீட்டுக்காரம்மாள் கொண்டுவந்து கொடுத்தாள். தபால்தலையைப் பார்த்துவிட்டு, "உங்க ஊரு லெட்டரா? யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றாள்.

"இல்லம்மா, உயிரோடதான் இருக்காங்களாம். அதத்தான் எழுதியிருக்காங்க," என்றேன். அவளுக்குப் பெரிய ஏமாற்றம்.

புத்தக வேலை உனக்கு வந்தது நியாயம்தான். நான் அங்கேயே இருந்திருந்தால் யாருக்கு வந்திருக்கும் என்று யோசிக்கவே இல்லை, நம்பு. நான் இங்கே ஒரு குகைக்குள் இருக்கும் ஆய்வகத்தில், அடுத்தவர்கள் பிடித்த பூச்சிகளுக்கு முடி எண்ணிக்கொண்டிருக்கிறேன். நல்ல வேலை. பேச ஆள் இல்லை. அதுவும் ஒருவிதத்தில் வசதி.

ஸ்லைடு பத்திரமாக இருக்கிறது. ஆனால் விளிம்பு ஒரு பக்கம் வெடித்திருக்கிறது. ஞாபகம் இருக்கிறதா, அன்று ஆய்வகத்தில் அரக்கு தீர்ந்துபோய், உன் கைப்பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்து வட்டமாகப் பூசி அடைத்தாய். அந்த நிறத்தை அதற்குப் பிறகு நீ பூசிக்கொண்டு நான் பார்க்கவில்லை. தபாலில் போட்டால் உடைந்துவிடும். ஆள் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

ஈற்றை அப்படியே விட்டுவிடு. நான் எதுவும் எழுதித் தருவதாக இல்லை. காரணம் கேட்காதே.

பார்த்தோல்


ஜாக்ரெப்
9 நவம்பர் 1978

திரு. வுகாஸ்,

காரணம் கேட்காதே என்கிறீர்கள். நான் கேட்கவும் இல்லை. எனக்குக் காரணம் தெரியும். தெரியாதவர்கள் இந்தத் தொழிலிலேயே இல்லை.

நம்மில் யாரும் தன் பெயரைத் தானே ஒரு பூச்சிக்கு வைத்துக்கொள்வதில்லை. எந்த விதியிலும் அது எழுதியிருக்கவில்லை, எழுத வேண்டிய அவசியமும் வந்ததில்லை. சாப்பாட்டு மேசையில் அடுத்தவர் தட்டில் கை வைக்கக் கூடாது என்று யாராவது சட்டம் போடுவார்களா? போன வருஷம் வியன்னாவில் நடந்த கூட்டத்தில், உணவு வேளையில், என் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"வுகாஸா? தன் பேரையே பூச்சிக்கு வச்சுக்கிட்ட ஆளாச்சே!"

"அதுவும் எப்படிப்பட்ட பூச்சிக்கு? கண்ணு கெடையாது, நெறம் கெடையாது."

"பொருத்தமா இருக்குன்னுதான் வச்சிருப்பாரு."

நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் நான் யார் என்று கேட்பார்களே என்ற பயத்தில் சிரித்தேன்.

நீங்கள் மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். 1967 பிப்ரவரி. படம் முடியவில்லை. தலை, உணர்கொம்பு, கால் நகம், முதுகு முடி எல்லாம் வரைந்துவிட்டேன். வயிற்றுப் பக்கம் மட்டும் வெறுமையாக விட்டுவைத்திருந்தேன். அன்று மாலை வலி எடுத்தது, மாசம் ஆகவில்லை. பிள்ளை ஒரு ராத்திரி இருந்தான். எனக்குக் காட்டவில்லை. "பாக்காதீங்கம்மா, பாத்துட்டா மறக்கறது கஷ்டம்," என்று தாதி சொன்னாள். அவர்கள் சொன்னதைக் கேட்கும் நிலையில்தான் நான் இருந்தேன். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தேன். அடுத்த அறையில் தட்டச்சு இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. என்ன எழுதுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. என்னிடம் வந்து உட்காரவும் நீங்கள் வரவில்லை.

ஏப்ரலில் பத்திரிகையைக் கொண்டுவந்து போர்வை மேல் வைத்தீர்கள். "உனக்குத்தான்," என்றீர்கள். பிரித்துப் பார்த்தேன். வுகாஸி. ஆண். கீழே உங்கள் பெயர் மட்டும். என் பெயர், "படங்களுக்கு மனைவிக்கு நன்றி" என்ற இடத்தில்.

அந்த ஒரு எழுத்தைத் திருப்பிக் கேட்கிறேன். அவ்வளவுதான். உலகமே உங்களைப் பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை, எனக்கு அந்த எழுத்தைத் தர மாட்டீர்கள் என்றால், நான் உங்களை விட்டு விலகியது எவ்வளவு சரி என்று இன்று இன்னொரு தடவை தெரிந்துகொண்டேன்.

நெவெங்கா மிகுலிச்


பிரெனீஸ் மலையடிவாரம்
2 டிசம்பர் 1978

நெவெங்கா,

இங்கிருந்து லுப்லியானாவுக்குப் போகும் ஒருவரிடம் ஸ்லைடைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பஞ்சு சுற்றி, தீப்பெட்டியில் வைத்து, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். வெடித்த விளிம்பை நான் சரி செய்யவில்லை. என்னிடம் அந்தச் சிவப்பு இல்லை.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஒரு வரியும் எழுதித் தர மாட்டேன். விலகியது நீ இல்லை, போனவன் நான். அதையாவது சரியாக எழுது.

பார்த்தோல்


ஜாக்ரெப்
17 ஜனவரி 1979

திரு. வுகாஸ்,

ஸ்லைடு வந்தது. கிறிஸ்துமஸ் முடிந்து எல்லோரும் திரும்பும் முன், ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகு விளக்கை மாற்றி வைத்துப் பார்த்தேன்.

அது முதிர்ந்த பூச்சி இல்லை.

நீங்கள் வெளியிட்ட விவரிப்பில் "முதிர்ந்த பெண்" என்று இருக்கிறது. வயிற்றுப் பக்கம் இனப்பெருக்கத் துளை இருப்பதாகப் படமும் இருக்கிறது. நான் வெறுமையாக விட்ட இடத்தில் நீங்கள் வரைந்தது. ஸ்லைடில் அந்தத் துளை இல்லை. மங்கலாக இல்லை, மறைந்தும் இல்லை. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. இது தோல் உரித்து வளர வேண்டிய குஞ்சு. முதுகின் இரண்டாம் வளையத்தில் முடிகள் குறைவாக இருப்பதுதான் இதைப் பாலிடாவிலிருந்து பிரிக்கிறது என்று எழுதியிருந்தோம். ஆமாம், "எழுதியிருந்தோம்" என்பது சரிதான், நானும்தான் சொன்னேன். ஆனால் அந்த முடிகள் வயது ஏற ஏற முளைப்பவை. இதற்கு வயது ஆகவில்லை, அதனால் முளைக்கவில்லை. நகம் மெலிந்து நீண்டு தெரிந்ததும் அதனால்தான். இது பாலிடாவின் குஞ்சு.

பிடித்தபோது நானும் தவறாகத்தான் பார்த்தேன். அதைப் புத்தகத்தில் என் பெயரில் ஒத்துக்கொள்வேன். ஆனால் நான் பார்க்காத இடத்தை வெறுமையாக விட்டேன். நீங்கள் பார்க்காததை வரைந்தீர்கள். இந்தத் தொழிலில் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஈற்றைப் பற்றி இனி நமக்குள் சண்டை இல்லை. வுகாஸி என்று ஓர் இனமே இல்லை. புத்தகத்தில் அதைப் பாலிடாவுக்குள் சேர்க்கப் போகிறேன்.

நெவெங்கா மிகுலிச்


பிரெனீஸ் மலையடிவாரம்
30 ஜனவரி 1979

நெவெங்கா,

அவசரப்படாதே. தயவுசெய்து முழுதும் படி.

ஒன்று, ஸ்லைடு பழையது. ஒரு பக்கம் காற்று புகுந்திருக்கிறது. வயிற்றுத் தோல் மடிந்திருந்தால் துளை தெரியாமல் போகலாம். உனக்கே அப்படி நடந்திருக்கிறது. இரண்டாவது, முடிகளை விடு, கீழுதட்டைப் பார்த்தாயா? பாலிடாவின் கீழுதட்டில் அடிமுடி இறகு போல இருக்கும். இதில் வழவழப்பாக இருக்கிறது. நான் பார்த்தேன், உன் படத்திலும் இருக்கிறது. மூன்றாவது, கோலுபிங்காவின் அடியில் இருக்கும் குளத்துக்கு அதன் பிறகு யாருமே போகவில்லை. முதிர்ந்தது அங்கே இருக்கும். ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு ஓர் இனத்தைக் கொன்றுவிடாதே.

வயிற்றைப் பற்றி நீ எழுதியது. பார்த்தேன் என்றுதான் நினைத்தேன். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன், ஏதோ தெரிந்தது, வரைந்தேன். அந்த வாரம் நான் எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை என்று என்னைக் கேட்டால் என்னால் சத்தியம் பண்ண முடியாது. இதற்கு என்ன பெயர் என்று தெரியும். எழுது. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுது, பொய்யன் என்றே எழுது. பெயரை மட்டும் விட்டுவை. வேண்டுமானால் வுகாஸே என்றே மாற்றிக்கொள்.

இல்லை, மாற்றாதே. இந்த வரியை அடித்துவிடுகிறேன்.

குளிர் போனதும் நான் வந்து இறங்கிப் பார்க்கிறேன். விசா கிடைத்தால். கொஞ்சம் பொறு.

பார்த்தோல்


ஜாக்ரெப்
28 மார்ச் 1979

பார்த்தோல் வுகாஸ் அவர்களுக்கு,

நீங்கள் வர வேண்டாம். நானே போய்விட்டு வந்துவிட்டேன்.

ஏன் போனேன் என்று தெரியவில்லை. பொறு என்று நீங்கள் சொன்னதற்காக இல்லை. அடித்துவிடுகிறேன் என்று சொல்லி அடிக்காமல் விட்ட அந்த வரி உறுத்திக்கொண்டே இருந்தது. என் பெயர் வேண்டாம், ஆனால் பெயர் வேண்டும். அப்படியானால் இது யாருடைய பெயர் என்று யோசித்து யோசித்துக் களைத்துப்போய்க் கயிற்றை எடுத்தேன்.

கூட வந்தது யோசோ. நம் பழைய கயிற்றுக்காரன்தான். தொப்பை வந்துவிட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. குகை வாயில் கீழ்வீட்டு மார்த்தா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். தலைவிளக்கோடு என்னைப் பார்த்ததும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, இந்த வயசுல அந்தப் பள்ளத்துல எறங்கி என்னத்தப் பிடிக்கப் போற?"

"பூச்சி," என்றேன்.

"பூச்சியா? எங்க ஆட்டு மேல இல்லாத பூச்சியா? சும்மாவே எடுத்துட்டுப் போ!"

"அதெல்லாம் கண்ணு உள்ள பூச்சி மார்த்தாக்கா," என்றான் யோசோ. "டாக்டரம்மாவுக்குக் குருட்டுப் பூச்சிதான் வேணுமாம்."

"கூட உங்க வீட்டுக்காரர் வரலியா? முன்னெல்லாம் ரெண்டு பேருமா வருவீங்களே."

யோசோ வாயை மூடிக்கொண்டு முடிச்சுப் போட ஆரம்பித்தான். நான் விளக்கை ஏற்றினேன்.

அடிக்குளம் அப்படியே இருக்கிறது. கெட்டுப்போன பாலாடைக்கட்டியை இரையாகக் கல்லடியில் வைத்துவிட்டு வந்து, மறுநாள் மறுபடி இறங்கினோம். கல்லைப் புரட்டினால் வெள்ளை வெள்ளையாக நூற்றுக்கணக்கில். ஈரத் தூரிகையால் தொட்டு எடுத்தேன். சின்னது, பெரியது, நடுத்தரம் எல்லாமே கிடைத்தன. இங்கே கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரியவை எல்லாம் பாலிடா. சந்தேகமே இல்லை. சின்னவற்றுக்கு முதுகில் முடி குறைவு, நகம் மெலிவு, கீழுதட்டு முடி வழவழப்பு. ஆமாம், கீழுதட்டையும் பார்த்தேன். வளரும்போதுதான் அந்த முடி இறகாகிறது. நடுத்தரமானவற்றில் பாதி அப்படி, பாதி இப்படி. கோலுபிங்காவில் ஒரே ஓர் இனம்தான் இருக்கிறது.

புத்தகம் ஏப்ரல் கடைசியில் அச்சுக்குப் போகிறது. அதற்கு முன் ஒன்று மட்டும் கேட்கிறேன், கோப்புக்காக இல்லை. இந்தப் பெயரில் உங்களுக்கு என்ன இருக்கிறது? தற்பெருமை என்று இத்தனை வருஷமாக நினைத்தேன். தற்பெருமைக்காரன், "பொய்யன் என்றே எழுது" என்று சொல்ல மாட்டான். எனக்கு அது இடிக்கிறது.

நெவெங்கா


பிரெனீஸ் மலையடிவாரம்
11 ஏப்ரல் 1979

நெவெங்கா,

நீ இறங்கியிருக்க வேண்டாம். முழங்கால் எப்படி இருக்கிறது?

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். சொன்னால் நீ என்னை இன்னும் வெறுப்பாய் என்று தெரியும். அதுவும் பழகிப்போனதுதான்.

ஆஸ்பத்திரியில் அன்று காலை உன்னைத் தூங்க வைத்திருந்தார்கள். அந்தத் தாதி வெளியே வந்து, "பாக்கறீங்களா?" என்று கேட்டாள். உன்னிடம் பார்க்காதே என்று சொன்ன அதே ஆள்தான். அப்பாக்கள் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. உள்ளே போனேன். மேசை மேல் துணி போட்டு வைத்திருந்தார்கள். மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருந்தது. அதில் இரண்டே சொல். வுகாஸ், ஆண்.

"பேரு ஏதும் வச்சிருந்தீங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல."

"சரி, அப்ப இப்படியே எழுதிக்கறேன்," என்றாள். எழுதிக்கொண்டாள்.

எங்கே கொண்டுபோவார்கள் என்று நான் கேட்கவில்லை. அப்போது கேட்கத் தோன்றவில்லை. ஒரு வாரம் கழித்துப் போய்க் கேட்டேன். "அதெல்லாம் தனித்தனியா வைக்கறதில்லீங்க," என்றார்கள். கல் இல்லை, இடம் இல்லை. பெயரும் இல்லை.

அந்தக் கட்டுரை மேசை மேல் கிடந்தது. பெயருக்கான இடத்தில் வுகாஸே என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். உனக்கென்றுதான். நீ ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே எழுதியது அது, நம்புவதும் நம்பாததும் உன் விருப்பம். வீட்டுக்கு வந்து அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு இருந்தது இரண்டுதான். என் குடும்பப் பெயர், ஆண் என்பது. அந்த இரண்டும் சேர்ந்தால் லத்தீனில் ஒரே சொல். ஈற்றை மாற்றினால் போதும். மாற்றினேன்.

யாருக்காகப் பெயர் வைத்தோம் என்று கட்டுரையில் ஒரு வரி எழுதுவது வழக்கம். நான் எழுதவில்லை. எப்படி எழுதுவது?

உன்னிடம் சொல்லத்தான் போர்வை மேல் கொண்டுவந்து வைத்தேன். "உனக்குத்தான்" என்றால் அவன் உனக்குத்தான் என்று அர்த்தம். நீ பிரித்துப் பார்த்துவிட்டு, "யாரு இந்த வுகாஸி?" என்று கேட்டாய். உன் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். வந்தது, "அச்சுப் பிழை."

என் மகனை நான் அச்சுப் பிழை என்று சொன்னேன், நெவெங்கா. அதை மறுபடி எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடு என்று நீ போன அக்டோபரில் கேட்டாய்.

பார்த்தோல்


ஜாக்ரெப்
6 மே 1979

பார்த்தோல்,

உன் கடிதம் வந்து நாளாகிறது. நாலு தடவை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

நீ என்ன எதிர்பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியாது. அழுதேன். அது உனக்காக இல்லை. அழுது முடித்ததும் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை. உன் துக்கத்துக்கு ஒரு பத்திரிகை இருந்தது, தொகுதி எண் இருந்தது, பக்க எண் இருந்தது. உலகத்தில் உள்ள நூலகங்களில் எல்லாம் அது அலமாரியில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நான் கிடந்தேன். எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. எழுந்து பத்து அடி நடந்து வந்து என்னிடம் சொல்ல முடியாததை, எனக்குத் தெரியாத எத்தனையோ பேர் படிக்கும்படி லத்தீனில் சொன்னாய். அவர்களுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. நீ மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் இருந்தாய். சொந்தப் பிள்ளையை ஒளித்து வைத்துக்கொள்ள உனக்கு எப்படி மனசு வந்தது?

இன்னொன்றும் சொல்கிறேன். தன் பெயரைப் பூச்சிக்கு வைத்துக்கொண்ட ஆள் என்று உன்னை வெறுப்பது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. அந்த வெறுப்பை வைத்துத்தான் இங்கே தனியாக இருந்து பழகினேன். அதையும் பிடுங்கிக்கொண்டாய்.

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. வுகாஸியைப் பாலிடாவுக்குள் சேர்த்துவிட்டேன். சேர்க்காமல் விட முடியாது, உனக்கே தெரியும். அது குஞ்சுதான் பார்த்தோல். நீ ஒரு குழந்தையின் பெயரை ஒரு குழந்தைக்குத்தான் வைத்திருக்கிறாய். அந்த வாரம் நீ வயிற்றை மட்டும்தான் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்த்திருக்கிறாய்.

ஆனால் சேர்த்த பெயர் அழிவதில்லை. பாலிடாவைப் பற்றி இனி யார் விரிவாக எழுதினாலும், அதன் கீழே அடங்கிய பெயர் என்று வுகாஸியையும் எழுதியாக வேண்டும். அது விதி. என் புத்தகத்தில் இப்படி இருக்கிறது: "வுகாஸி, 1967. இளம் உயிரி." பக்கத்தில் அச்சகத்துப் பையன் பிழைதிருத்தும்போது கேள்விக்குறி போட்டு அனுப்பியிருந்தான். "படம் வரைஞ்சது அம்மாதானே, இது வுகாஸேன்னு வரணுமா?" என்று ஓரத்தில் எழுதியிருந்தான். கெட்டிக்காரப் பையன். கேள்விக்குறியை அடித்துவிட்டு, "பிழை இல்லை, அப்படியே இருக்கட்டும்," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஸ்லைடைத் திருப்பி அனுப்ப மாட்டேன். வேலை முடிந்ததும் அனுப்புவேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், தெரியும். வேண்டுமானால் மேலிடத்துக்கு எழுதிப் போடு. இத்தனை வருஷம் உன்னிடம் இருந்தது, இனி என்னிடம் இருக்கட்டும். வெடித்த விளிம்பைச் சரி செய்துவிட்டேன். கடையில் போய் அதே சிவப்பை வாங்கினேன். விற்ற பெண், "உங்களுக்கு இந்த கலர் எடுப்பா இருக்கும்மா," என்றாள்.

நீ அவனைப் பார்த்தாய். நான் பார்க்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியின் கீழுதட்டு முடிக்கு அரைப் பக்கம் எழுதத் தெரிந்த ஆள், இவ்வளவு நீளக் கடிதத்தில் அவன் எப்படி இருந்தான் என்று ஒரு வரி எழுதவில்லை. பட்டையில் என்ன எழுதியிருந்தது என்று எழுதுகிறாய். பட்டை கட்டிய கை எப்படி இருந்தது?

உனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே. விவரித்து எழுது. தலையிலிருந்து ஆரம்பி.

நெவெங்கா


பிரெனீஸ் மலையடிவாரம்
19 மே 1979

நெவெங்கா,

நீளம்: என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, கொஞ்சம் குறைவு.

நிறம்: சிவப்பு கலந்த வெளுப்பு. உதடும் நகமும் நீலம் பாய்ந்திருந்தன.

தலை: உருண்டை. முடி கறுப்பு, ஈரமாக ஒட்டிக்கிடந்தது. நெற்றியில் கீழே வரை இறங்கியிருந்தது, என் அப்பாவுக்கு இருந்த மாதிரி.

காது: இடது மடல் மேல்பக்கம் மடிந்திருந்தது. உன்னுடையதும் அப்படித்தான்.

மூக்கு: சின்னது. யாருடையது என்று சொல்ல முடியாது.

கை: வலது கை மூடியிருந்தது. பட்டை இடது கையில். இடது கை விரித்திருந்தது. ஐந்து விரலுக்கும் நகம் இருந்தது. என் சுட்டுவிரலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மூடவில்லை.

கால்: துணிக்குள் இருந்தது. தாதி விலக்கவில்லை, நானும் கேட்கவில்லை. தெரியாது.

கண்: மூடியிருந்தது. என்ன நிறம் என்று தெரியாது. பார்க்காததை இந்தத் தடவை எழுதவில்லை.

பார்த்தோல்